சாகாத வாத்துகள்

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மூன்று மாடிக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் இடது கைப்பக்கம் மாடிப்படி. அந்தப் படிக்கு அடியில், குனிந்து போனால் தலை தப்பும் என்ற உயரத்தில் ஓர் இடம் உண்டு. பதினான்கு வருஷமாக டுமீல் அங்கே உட்கார்ந்து ஊர்க்காரர்களை வாத்து சுட வைக்கிறார்.

டுமீல் என்பது வீட்டில் வைத்த பெயரல்ல, தொழில் தந்தது. ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி, காலை பத்து மணிக்குக் கடை திறந்தால் தலைமுடி ஒன்றுகூடக் கலையாமல் மாலை வரை இருக்கும். இந்தக் கடைக்கு முன் சினிமா கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். கொட்டகை மூடிய மாதம், யாரோ வேண்டாமென்று போட்ட ஒரு வீடியோ கேம் கருவியும் பிளாஸ்டிக் துப்பாக்கியும் கைக்கு வந்தன. இருபத்தோரு அங்குலப் பழைய டிவி ஒன்று வந்தது. கணவர் பிளைவுட்டில் ஒரு பெட்டி அடித்துக் கொடுத்தார். திரையில் வாத்து பறக்கும், டோக்கன் போட்டவர் சுட வேண்டும், அவ்வளவுதான் கடை.

துப்பாக்கிக்குச் சத்தம் கிடையாது. விசையை அழுத்தினால் பேனா மூடியைத் திறந்ததுபோல் ஒரு 'க்ளிக்'. இதற்காகவா ஒருவன் டோக்கன் வாங்குவான் என்று யோசித்து, வாத்து விழும்போதெல்லாம் இவரே வாயால் "டுமீல்" என்று சொல்ல ஆரம்பித்தார். விழாவிட்டால் சொல்ல மாட்டார். எவ்வளவு கெஞ்சினாலும் சொல்ல மாட்டார். மேல்மாடி வங்கி மேலாளர் ஒருமுறை, "என் பையன் பார்க்கிறான், ஒரே ஒரு டுமீல் போடுங்க" என்று காதோடு காதாகக் கேட்டார். கிடைக்கவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. அவர் திரையைப் பார்க்கவே மாட்டார். முக்காலியைத் திரைக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு சுடுகிறவரின் முகத்தைத்தான் பார்ப்பார். "செத்த வாத்த நான் எதுக்குப் பார்க்கணும்? அடிச்ச மூஞ்சியப் பார்த்தா தெரியாதா?" என்பார். வாத்து விழுந்த முகம், விழாத முகம், விழுந்தும் நம்பாத முகம் என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி.

இந்தப் பதினான்கு வருஷத்தில் கட்டடத்தைச் சுற்றி முதுகு புடைத்த டிவிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முதலில் சலூனில் இருந்தது போயிற்று. பிறகு லாட்ஜ் வரவேற்பறையில் இருந்தது. அதன்பின் தெருமுனைகளில் அவை மழையில் நனைந்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக் கோபித்துக்கொண்டதுபோல் கிடந்தன. எல்லோரும் காலண்டர் மாட்டுவதுபோல் டிவியைச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். ஆனால் சுவரில் டிவி மாட்டிய அதே ஆட்கள் மத்தியானம் படிக்கட்டின் அடியில் குனிந்து நுழைந்தார்கள். பெட்டியைப் போட்டதும் வரும் 'டொய்ங்' சத்தம், சூடேறிய தூசி வாசனை, திரைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் எழுந்து நின்று மரியாதை செய்யும் கைமுடி, இதெல்லாம் வீட்டு டிவியில் இல்லை. வாத்தும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை கட்டடத்து மேனேஜர் வந்து, குனியாமல் நுழைந்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"செல்போன் கவர் விக்கிறவங்க இந்த எடத்தக் கேக்குறாங்க. முதலாளியம்மா சனிக்கிழமை பதினோரு மணிக்கு நேர்ல வந்து பார்க்கிறாங்க. ஆள் வருதுன்னா நீங்க இருக்கலாம். இல்லைன்னா மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடணும்."

"ஆள் வருதே சார்."

"நான் பார்க்கிறப்ப வரல."

"நீங்க வந்தா ஓடிடுறாங்க சார்."

மேனேஜர் மறுபடி இடித்துக்கொண்டு வெளியேறினார்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னார். கணவர் திரைச்சீலை தைத்து மாட்டுகிறவர். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. கல்யாண போட்டோவில்கூட மாலைக்கு அடியில் அதன் நுனி தெரியும். நல்ல மனிதர். அவர் நல்லது செய்யக் கிளம்பும்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் பயம்.

புதன்கிழமை டுமீலுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் பல் டாக்டர்தான் பிடுங்கினார். கடையின் பழைய வாடிக்கைக்காரர் அவர். "ஒருநாள் வாயத் திறக்காம வீட்ல இருங்க" என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒருநாள் கணவருக்குப் போதுமானதாக இருந்தது.

வியாழக்கிழமை கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு வந்த டுமீல், கடையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பிளைவுட் பெட்டிக்குப் புதுப் பெயின்ட். உள்ளே, இதற்கென்றே வாங்கிய பளபளப்பான தட்டை டிவி. சுற்றிலும் கருஞ்சிவப்பு வெல்வெட்டில் சுருக்கம் வைத்துத் தைத்த குட்டித் திரைச்சீலை. கணவர் ஓரமாக நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"பழசு?" என்று பஞ்சுக்குள்ளிருந்து கேட்டார்.

"காயலான் வண்டிக்காரருக்குக் குடுத்துட்டேன். அவரும் நானும் சேர்ந்துதான் தூக்கினோம், நடு முதுகு இன்னும் வலிக்குது. எப்படி இருக்கு?"

அழகாகத்தான் இருந்தது. வாத்தின் இறகை எண்ணலாம்போல் இருந்தது. டுமீல் அவர் தோளைத் தட்டிவிட்டு, வழக்கம்போல் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

முதலில் வந்தவர் 'ரைட்டு'. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பேச்சுக்குப் பேச்சு 'ரைட்டு' போடுவதால் வந்த பெயர். பத்துக்குப் பத்து வாத்து என்று ஒன்பது வருஷமாகச் சாதனை வைத்திருக்கிறார். டோக்கன் போட்டார், ஒரு கண்ணை மூடினார், சுட்டார். அடுத்தும் சுட்டார். அவர் முகம் பத்தாவது வாத்து வரைக்கும் படிப்படியாக இறங்கியதை டுமீல் பார்த்தார். பத்தில் ஒன்றுகூட விழவில்லை.

"பஞ்சு இருக்கிறதால டுமீல் போடலையா?" என்று மெதுவாகக் கேட்டார் ரைட்டு.

டுமீல் இல்லையென்று தலையாட்டினார்.

"ரைட்டு" என்றார். அந்த ரைட்டில் உயிரே இல்லை. துப்பாக்கியை அதன் கொக்கியில் மாட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். நேராக மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனார் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மத்தியானம் பல் டாக்டர் வந்தார். அவரும் சுட்டார், அவருக்கும் எதுவும் விழவில்லை. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது கையை முகத்துக்கு நேராக நீட்டி, விரல்கள் நடுங்குகின்றனவா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு யாரும் பார்க்காதபோது கையைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் அவரிடம் பல் பிடுங்க வந்த இரண்டு பேரை, "அவசரமில்ல, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பினார்.

இப்படி வியாழக்கிழமை முழுக்க வந்த பதினேழு பேரும் தோற்றார்கள். சலூன்காரர் தனக்குத் தூக்கம் போதவில்லை என்று நினைத்தார். கிளினிக் நர்ஸ், வீட்டுக் கவலை கண்ணை மறைக்கிறது என்று முடிவுகட்டினார். டிவியைச் சந்தேகப்பட்டவர் ஒருவருமில்லை. அத்தனை பளபளப்பாக இருக்கிற பொருளை யார் சந்தேகப்படுவார்கள்? தான் தோற்றதை அடுத்தவரிடம் சொன்னவரும் ஒருவருமில்லை. வந்த வழியே போனார்கள். கடை மூடுமுன் டுமீலே துப்பாக்கியை எடுத்துப் பத்து ரவுண்டு சுட்டுப் பார்த்தார். வாத்துகள் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவைபோல் நிதானமாகப் பறந்து போயின. பல் போனால் குறியும் போய்விடும்போலிருக்கிறது என்று அவரும் வாயை மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒருவரும் வரவில்லை. நாளை பதினோரு மணிக்கு முதலாளியம்மா வந்தால் வெல்வெட்டைத்தான் பார்க்க வேண்டும். செய்ய வேலையில்லாமல், பதினான்கு வருஷத்தில் முதல்முறையாக, சுடாமல் சும்மா பார்ப்பதற்கென்று, டுமீல் முக்காலியைத் திருப்பிப் போட்டுத் திரையைப் பார்த்து உட்கார்ந்தார்.

ஒரு வாத்து எழும்பியது. 'குவாக்' என்றது. அதன்பிறகு வாயைத் திறந்தது.

அடுத்ததும் அப்படித்தான். முதலில் கத்தியது, பிறகுதான் அலகைத் திறந்தது. சத்தம் கேம் கருவியிலிருந்து நேராகத் தனி ஸ்பீக்கருக்குப் போகிறது, படம் டிவிக்குப் போகிறது. சத்தம் நேரத்துக்கு வந்துவிட்டது. படம்தான் பின்னால் வருகிறது.

டுமீல் கணவருக்குப் போன் போட்டார்.

"ஏங்க, உங்க டிவியில வாத்து வாயத் திறக்குறதுக்கு முன்னாடியே கத்துது."

"வாத்துக்கு என்ன அவசரமோ."

"வாத்துக்கு அவசரமில்ல. டிவிக்குச் சோம்பேறித்தனம். உடனே வாங்க."

கடை ஆரம்பித்த காலத்தில் ஒரு ரிப்பேர்காரர் விளக்கியது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தத் துப்பாக்கி சுடுவதே இல்லை, அது பார்க்கிறது. உள்ளே குண்டு கிடையாது, ஒரு கண்தான் இருக்கிறது. விசையை அழுத்தியதும் திரை நம் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் இருண்டு, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டால் வாத்து காலி. முதுகு புடைத்த பழைய குழாய் டிவி சொன்ன கணத்தில் மின்னும். புது டிவி படத்தை வாங்கி, துடைத்து, மடித்து, இஸ்திரி போட்டுத்தான் காட்டும். அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்திருக்கும்.

கணவர் வந்து கேட்டுவிட்டு நாடாவின் நுனியைக் கடித்தார். காயலான் கடைக்கு ஓடினார்கள். அங்கே அவர்கள் டிவியின் கண்ணாடி ஒரு குவியலாகவும் செம்புக் கம்பி ஒரு குவியலாகவும் இருந்தன. கடைக்காரர் அனுதாபத்தோடு, "எதுல வேணும்?" என்று கேட்டார்.

ஊரில் வேறு எங்கே குழாய் டிவி இருக்கும்? லாட்ஜில் ஒன்று இருந்தது; குடலையெல்லாம் எடுத்துவிட்டு மீன் தொட்டியாக்கியிருந்தார்கள். தையல் கடையில் ஒன்று இருந்தது. திரை உடைந்து, மேலே பூந்தொட்டி வைத்திருந்தார்கள். பன்னிரண்டு மணி வெயிலில் இருவரும் நடைபாதையில் நின்றார்கள். இருவருக்கும் ஒரே இடம்தான் ஞாபகத்தில் இருந்தது. யார் முதலில் சொல்வது என்பதுதான் பிரச்சினை.

"அண்ணி வீட்ல ஒண்ணு இருக்கு" என்றார் கணவர், தெருவைப் பார்த்துக்கொண்டு.

அவர் அண்ணி என்று கூப்பிடுகிற டுமீலின் அக்கா ஐந்து தெரு தள்ளி, இரண்டாம் மாடியில் இருக்கிறார். தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிற வேலை. பதினோரு வருஷத்துக்கு முன் அப்பாவின் வீட்டுச் சாமான்களைப் பிரித்தபோது, இருபத்தொன்பது அங்குல டிவியை, மூத்தவள் என்ற முறையில் அக்கா எடுத்துக்கொண்டார். ஆத்திரத்தில் தங்கை ரிமோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து இருவரும் நேராகப் பேசுவதில்லை. குடும்ப நிகழ்ச்சிகளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நடுவில் டுமீலின் கணவரை வைத்துப் பேசுவார்கள்.

டுமீல் வீட்டுக்குப் போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ரிமோட்டை எடுத்துக் கைப்பையில் வைத்தார்.

அக்கா கதவைத் திறந்தார். அன்று விடுப்பு. கூடத்தில் அந்த டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். அதன் அகலமான முதுகின் மேல் ஒரு சாம்பல் நிறப் பூனை, வாலைத் திரையில் செய்தி வாசிப்பவரின் மூக்கின் மேல் தொங்கவிட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, உங்க வீட்டம்மா என்ன விஷயமா வந்திருக்காங்கன்னு கேளுங்க" என்றார் அக்கா.

"டிவி வேணும்னு சொல்லுங்க" என்றார் டுமீல்.

"டிவி வேணுமாம் அண்ணி."

"காது கேக்குது தம்பி. எதுக்காம்?"

கணவர் நடந்ததைச் சொன்னார். தன் பங்கை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே எழுந்து போய் டிவியின் முன்பக்கப் பொத்தானை அழுத்தினார். சேனல் மாறியது. மறுபடி அழுத்தினார். மறுபடி மாறியது. அழுத்திக்கொண்டே இருந்தார்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"முந்தின சேனலுக்குப் போறேன். இதுல முன்னால போற பொத்தான் மட்டும்தான் வேலை செய்யுது. பின்னால போறது போயி பத்து வருஷமாச்சு. ரிமோட் இருக்கிறவங்க ஒரு தட்டுல போவாங்க. நான் உலகத்த ஒரு சுத்து சுத்தித்தான் போகணும்."

"புது ரிமோட் வாங்கியிருக்கலாமே அண்ணி?"

"வாங்கினா அவ ஜெயிச்ச மாதிரி ஆயிடும்ல?"

டுமீல் கைப்பையைத் திறந்து ரிமோட்டை எடுத்தார். நேராகக் கொடுக்கவில்லை; கணவரிடம் கொடுத்தார். கணவர் அக்காவிடம் கொடுத்தார். கேம் கருவியை மாட்டுகிற மஞ்சள் துளைக்குப் போக டிவியில் பொத்தான் கிடையாது, ரிமோட்டால்தான் முடியும் என்பது மூவருக்குமே தெரியும். பெட்டி ஒருத்தி வீட்டிலும் அதன் கடிவாளம் இன்னொருத்தி வீட்டிலும் பதினோரு வருஷம் இருந்திருக்கிறது.

அக்கா ரிமோட்டைத் திருப்பி, பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, பாட்டரி புதுசா இருக்கே."

"வருஷா வருஷம் மாத்துவா அண்ணி. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டா."

டுமீல் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மூடியைத் திரும்ப மாட்டினார்.

"சரி, எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. ஆனா அது சூடா இல்லைன்னா பூனை தூங்காது. பூனை கூட வரும். பூனை போற எடத்துக்கு நானும் வருவேன். ரிமோட் என் கையிலதான் இருக்கும்."

அந்த டிவியை இரண்டு மாடி இறக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். கணவர், ரைட்டு, லாட்ஜ் காவலாளி, வழியில் போன ஒரு பால் வண்டிக்காரர். புதுக் கண்ணாடியோடு வந்த ரைட்டு, "போலாம், ரைட்டு, இடது பக்கம் ஒடிங்க, நிறுத்து" என்று ஒவ்வொரு படிக்கும் குரல் கொடுத்தார். படி திரும்புகிற இடத்தில்தான் டுமீல் அவரிடம் விஷயத்தை உடைத்தார்.

"அண்ணே, உங்க கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்ல. டிவிதான் கோளாறு."

ரைட்டு டிவியின் ஒரு மூலையைத் தாங்கியபடியே நின்றுவிட்டார். மற்ற மூன்று பேரும் முனகினார்கள்.

"அப்ப இந்தக் கண்ணாடி?"

"அழகாத்தான் இருக்கு."

"என்னை மாதிரி இன்னும் எத்தன பேரு?"

"பதினாறு."

ரைட்டின் அந்த முகத்தை டுமீலுக்குத் தெரியும். அது வாத்து எழும்புமுன் ஒரு கண்ணை மூடுகிற முகம்.

பிளைவுட் பெட்டிக்குள் இருபத்தொன்பது அங்குலம் போகவில்லை. கணவர் நாடாவை வைத்து அளந்து, பெருமூச்சு விட்டு, முன்பக்கத்தை ரம்பத்தால் அறுத்தார். அறுத்த விளிம்பு கண்றாவியாக இருந்தது. அதை மறைக்க வெல்வெட் சரியாகப் போதுமானதாக இருந்தது. அவர் முகத்தில் இரண்டு நாளைக்குப்பின் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

சனிக்கிழமை காலை ரைட்டு தன் பழைய வேலையை மறுபடி பார்த்தார். கடை கடையாக, மாடி மாடியாக ஏறி, "வியாழக்கிழமை தோத்தவங்க எல்லாம் வாங்க. குத்தம் உங்க மேல இல்ல. டிவி மேல" என்று கூவினார். கட்டடம் முழுக்க ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்களுமா?" என்று கேட்டுக்கொண்டார்கள். பல் டாக்டர் கையைப் பையிலிருந்து வெளியே எடுத்தார்.

பதினோரு மணிக்கு முதலாளியம்மா வந்தார். எழுபது வயதிருக்கும். மேனேஜர் குடையும் கணக்கு நோட்டுமாகப் பின்னால் வந்தார். அவர்களால் மாடிப்படிப் பக்கமே போக முடியவில்லை. வரிசை படிக்கட்டின் அடியில் தொடங்கி, வளைந்து, அதே படிக்கட்டில் ஏறி இரண்டாம் மாடி வரை நின்றது. பதினேழு பேரும் வந்திருந்தார்கள். அன்று காலை தங்கள் கதையைக் கேட்டுச் சிரித்தவர்களையும் சாட்சிக்குக் கூட்டி வந்திருந்தார்கள்.

"இன்னைக்கு மட்டும்தாம்மா இப்படி" என்றார் மேனேஜர்.

முதலாளியம்மா வரிசையில் நின்ற டாக்டரைப் பார்த்தார். "நீங்க என் மூணாம் மாடி டாக்டர்தானே? இங்க எதுக்கு நிக்கிறீங்க?"

"வியாழக்கிழமை மானம் போச்சும்மா. திரும்ப எடுத்துட்டுப் போகலாம்னு."

முதலாளியம்மா வரிசையை விலக்கிக்கொண்டு, குனிந்து, உள்ளே வந்தார். துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார். டுமீல் முக்காலியைத் திரைக்கு முதுகு காட்டிப் போட்டு, அவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தார். அக்கா ஓரத்தில் நாற்காலி போட்டு, மடியில் ரிமோட்டோடு இருந்தார். பூனை டிவியின் மேல் இருந்தது.

முதல் வாத்து எழும்பியது, போனது. அடுத்த இரண்டும் போயின. நான்காவது எழும்பும்போது படம் மேலிருந்து கீழாக உருள ஆரம்பித்தது. வாத்து, கால் திரையின் உச்சியிலும் தலை அடியிலுமாக இரண்டு துண்டாகப் பறந்தது. முதலாளியம்மா துப்பாக்கியை இறக்கினார். மேனேஜர் நோட்டைத் திறந்தார். டுமீல் முதலாளியம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அது கடையைக் காலி செய்யச் சொல்லப்போகிற முகம்.

அக்கா எழுந்தார். முப்பது வருஷம் முத்திரை குத்திய கை அது. பெட்டியின் பக்கவாட்டில் ஒன்று வைத்தார். படம் விறைப்பாக நின்றது. பூனை மட்டும் துள்ளி எழுந்து, வாலை அப்படியே திரையின் நடுவில் தொங்கவிட்டது. ஐந்தாவது வாத்து அந்த வாலுக்குப் பின்னால் மறைந்தது.

"ஏய், பூனையப் பிடிடி" என்றார் அக்கா.

"நீதானே வச்சே, நீயே பிடி" என்றார் டுமீல், முகத்தைத் திருப்பாமலே. ஆனாலும் கையைப் பின்னால் நீட்டிப் பூனையை வாரி எடுத்தார்.

கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பதினோரு வருஷமாகப் பார்த்த வேலை அந்த நிமிஷம் போய்விட்டது என்று அவருக்குப் புரிந்தது. ஒரு சந்தோஷப் பெருமூச்சு விட்டார்.

அடுத்த வாத்துக்கு முதலாளியம்மா துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டார். அவர் முகம் ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு ஓரத்திலிருந்து மலர்ந்தது. விழுந்தும் நம்பாத முகம்.

"டுமீல்" என்றார் டுமீல். பஞ்சு எடுத்தபின் முதல் டுமீல். படிக்கட்டில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

முதலாளியம்மா இன்னும் இரண்டு டோக்கன் ஆடினார். வரிசையில் முணுமுணுப்பு எழுந்த பிறகுதான் துப்பாக்கியை விட்டார். மேனேஜரிடம், "செல்போன் கவர்காரங்கள மேல்மாடியில பார்த்துக்கச் சொல்லுங்க" என்றார். பிறகு டிவியைச் சுற்றிப் பார்த்து, அதன் புடைத்த முதுகைத் தட்டினார்.

"இது எவ்வளவு நாள் தாங்கும்?"

"தெரியாதும்மா" என்றார் டுமீல். "இது போனா ஊர்ல வேற இல்ல."

"என் வீட்ல ஒண்ணு கிடக்கு. பத்து வருஷமா வெளிய தூக்கிப் போடணும்னு பார்க்கிறேன். தூக்க முடியலைன்னு வந்தவங்க எல்லாம் போயிடுறாங்க. அதனாலதான் இருக்கு. முப்பத்தினாலு அங்குலம்."

டுமீலும் அக்காவும் ஒரே நேரத்தில் கணவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ரைட்டு, பால் வண்டிக்காரர் எங்கே என்று தேடினார்.

கணவர் கழுத்து நாடாவைக் கழற்றிச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார். "எத்தனாவது மாடிம்மா?"

"நாலு."

"லிஃப்ட் இருக்குதுல்ல?"

"லிஃப்ட் இருக்கு" என்றார் முதலாளியம்மா. "அதுக்குள்ள அது நுழையாது."